எட்டெழுத்து ஊரும் செய்தி யந்திரமும்

திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், மயிலம் முருகன் மலைக்குப் போகும் வழி பிரிகின்ற இடத்தில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. பங்குனி உத்திரத்துக்குக் காவடி சுமந்து வருவோரும், பொம்மபுர ஆதீனத்தின் தமிழ்க் கல்லூரிக்குப் பாடம் கேட்க வருவோரும், புதுச்சேரிப் பக்கம் போவதற்கு வண்டி மாறுவோரும் நின்று ஒரு தேநீர் குடித்துப் போகிற கூட்டுரோடு அது. பொழுது புலர்வதற்கு முன்னே அங்கே நிற்பவன், சென்னையிலிருந்து வரும் பேப்பர் வேன் வேகத்தைச் சற்றே தணித்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கட்டுகளைச் சாலையோரத்தில் தள்ளிவிட்டு விழுப்புரத்துக்குப் பறந்து போவதையும், தேநீர்க்கடை விளக்கின் கீழே ஏஜெண்டும் இரண்டு பையன்களும் குந்தியிருந்து கயிற்றை அறுத்துத் தாளுக்குள் இணைப்பைச் செருகுவதையும் பார்க்கலாம். அந்தத் தாளை விரித்து முகர்ந்தால் மண்ணெண்ணெய் கலந்தாற்போன்ற மை வாடை இன்னும் வரும். விரலில் கறுப்பு ஒட்டும்.

இந்தக் கட்டு இங்கே வந்து விழுவதற்கு என்னென்ன வேண்டும் என்று இன்று ஒரு பத்திரிகைக் காரியாலயத்தின் கணிப்பொறிப் பொறுப்பாளரைக் கேட்டால், அவர் தயங்காமல் ஒரு ஜாபிதாவை எடுத்து நீட்டுவார். இத்தனை ‘கோர்’ கொண்ட பிராசஸர், இத்தனை ‘ஜி.பி.’ நினைவகம், ஒன்றில் எழுதியது மற்றொன்றிலும் பதிவாகும்படி இணைத்த இரட்டை ஹார்டு டிஸ்க், குளிரூட்டிய அறை, மின்சாரம் நின்றாலும் நில்லாத யு.பி.எஸ்., அதற்குப் பின்னே டீசல் ஜெனரேட்டர், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு என்று அது நீளும். செய்தி யந்திரம் தனக்கு வேண்டியதைப் பட்டியலிட்டுக் கேட்பது கணிப்பொறி பிறந்த பின்பு உண்டான வழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தமிழ் அச்சின் நானூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, ஒவ்வொரு யந்திரமும் இப்படியொரு பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டேதான் நம் வாசலுக்கு வந்தது என்பதும், அந்தப் பட்டியல் எழுதப்பட்டபோதெல்லாம் தமிழ் எழுத்தை நினைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை என்பதும் தெளிவாகும்.

1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அதற்கு நெடுங்காலம் கழித்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சகம் நிறுவியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் கப்பலேறி வந்தன. எழுத்தின் சுழிவும் வளைவும் அறியாத கைகள் வார்த்தமையால் அவை மிகப் பெரியனவாக இருந்தன; பெரிய எழுத்து அதிகக் காகிதத்தைத் தின்றது; காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். ஆகவே சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே புதிதாக வார்த்துக்கொண்டார்கள். பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் எழுப்பினார்கள். நினைவகம் போதாது என்று இன்று நாம் சொல்லும் குறையைத்தான் அவர்கள் அன்று காகிதம் போதாது என்று சொன்னார்கள். இருப்பதற்குள் அடங்கும்படி எழுத்தைச் சுருக்குவதே இரு காலத்துக்கும் பரிகாரமாக இருந்தது.

நம் பிரதேசமும் இந்தச் சரித்திரத்தில் ஓரிடம் பெற்றிருக்கிறது. 1760-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை முறியடித்த அயர் கூட், அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியைக் கைப்பற்றினார். அப்போது அங்கிருந்து கொண்டுவந்த கொள்ளைப் பொருள்களில் ஓர் அச்சு யந்திரமும் இருந்தது. சென்னையில் அதை இயக்கத் தெரிந்தவர் கிடைக்காமற்போகவே, வேப்பேரியில் இருந்த ஃபபிரீசியஸ் பாதிரியாரிடம் அதை ஒப்படைத்தார்கள். அரசாங்கத்துக்கு வேண்டியவற்றை முதலில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. யந்திரத்தைப் பிடித்துவிடலாம், அதை ஓட்டும் ஆளைப் பட்டியலில் சேர்க்க மறந்தால் அது வெறும் இரும்பு என்னும் பாடத்தை வேப்பேரி அச்சகம் அன்றே கற்பித்துவிட்டது.

பத்திரிகை பிறந்தது இதற்கு நெடுநாள் பின்பு. ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவருடைய நண்பர்களும் 1878 செப்டம்பரில் ‘ஹிந்து’வை ஆரம்பித்தபோது, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அவரே 1882-இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899-இல் நாளிதழாயிற்று. ஆங்கிலத் தாளையும் தமிழ்த் தாளையும் ஒரே மனிதர் நடத்தியும், இரண்டின் பட்டியலும் ஒன்றாக இருக்கவில்லை. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து இருபத்தாறு, சிறிய எழுத்து இருபத்தாறு, இலக்கங்களும் நிறுத்தற் குறிகளும் சில என்று இரண்டு தட்டு ‘கேஸ்’ போதுமானது. தமிழிலோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247. கூட்டெழுத்தாக நிற்பவை தனி, கொம்பும் காலும் தனி, ஸ, ஷ, ஜ, ஹ முதலான கிரந்த எழுத்துக்கள் தனி. இருநூற்றுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட ‘கேஸ்’களின் முன்னே, கம்பாசிட்டர் காலையிலிருந்து நள்ளிரவு வரையில் நின்றபடியே வேலை செய்தார்.

அவருடைய கையை ஒரு கணம் அருகிலிருந்து பார்ப்போம். நம் ஊரின் பெயரை அவர் கோக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடக்கையில் ‘ஸ்டிக்’ என்னும் இரும்புத் தொட்டி. வலக்கை அறைக்கு அறை தாவுகிறது. கண் கையெழுத்துப் பிரதியிலேயே நிற்கிறது. ‘கூ’ ஓர் அச்சு. புள்ளியோடு வார்த்த ‘ட்’ ஓர் அச்சு. பிறகு ‘டே’ என்பதற்கு முதலில் இரட்டைச் சுழிக் கொம்பு, அதன் பின்னர் ‘ட’. ‘ரி’, ‘ப்’, ‘ப’, ‘ட்’, ‘டு’ ஒவ்வொன்றும் ஒவ்வோர் அச்சு. ஆக, எட்டெழுத்து ஊருக்கு ஒன்பது ஈயத் துண்டுகள். அவை ஸ்டிக்கில் தலைகீழாகவும் இடவல மாறாகவும் நிற்கும். அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் சரளமாகப் படிப்பது அவருக்கு இயல்பு. ‘டே’ என்று வாய் சொல்லும்போது ‘ட’ என்னும் ஒலி முன்னே வருகிறது. கை எடுப்பதோ கொம்பை முன்னே. இந்தச் சிறு முரண்பாடு நூறு ஆண்டு கழித்துப் பெரிய வழக்காக வளரப்போகிறது என்பதை அன்று யார் கண்டார்?

எழுத்தும் யந்திரமும் ஆளும் இருந்தாலும் பத்திரிகைக்கு வழி ஒன்று வேண்டும். சென்னையில் 1906-இல் தோன்றிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகை, அரசாங்கத்தின் கெடுபிடிக்குத் தப்பி 1908-இல் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. பாரதியாரும் அங்கே போனார். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் 1879-லிருந்தே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தபால் மூட்டை ஏறிவிட்டால் பத்திரிகை தமிழ்நாடெங்கும் பரவிவிடும். பிரெஞ்சு எல்லைக்குள்ளே அச்சகத்தைத் தொட இயலாத ஆங்கில அரசாங்கம், தன் எல்லைக்குள்ளே தபாலைத் தொட்டது. வாசகரைச் சென்று சேரும் வழி அடைபட்டவுடன், எழுதும் கையும் கோக்கும் கையும் சேமமாக இருந்தும் 1910-இல் ‘இந்தியா’ நின்றுபோயிற்று. இன்று இணைப்பு அறுந்தால் சர்வர் ஓடியும் பயனில்லை என்கிறோம். அது புதுச்சேரியில் அன்றே நிரூபணமான உண்மை.

செய்தி வெளியே போகும் வழி இவ்வாறிருக்க, அது உள்ளே வரும் வழியும் ஒரு பட்டியலோடுதான் வந்தது. தந்தியின் கட்டுகடவென்னும் பாஷையில் ஆங்கில எழுத்துக்கு இடமிருந்தது, தமிழுக்கு இல்லை. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழுக்குத் ‘தந்தி’ என்றே பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தமோ, அவ்வளவு விசித்திரமும்கூட. தமிழ் அறியாத ஒரு சாதனத்தின் பெயரே தமிழில் விரைவுக்குப் பரியாயச் சொல்லாகிவிட்டது. 1947 ஆகஸ்ட் 27-ஆம் தேதி சென்னையில் பதிவான பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, 1949-லிருந்து செய்திகளை வழங்கத் தொடங்கியது. அதன் டெலிபிரிண்டர் ஐந்து துளைச் சங்கேதத்தில் ஓடியது. ஐந்து துளைகளைத் திறந்தும் மூடியும் உண்டாக்கக் கூடிய வடிவங்கள் 32 மட்டுமே. 247-ஐ அதற்குள் எப்படித் திணிப்பது? ஆகவே விழுப்புரத்து ரயில் விபத்தேயானாலும் ஏஜென்சி வழியாக ஆங்கிலமாகிச் சென்னை சென்று, அங்கே உதவி ஆசிரியர் மேஜையில் மறுபடியும் தமிழாகி, விடியற்காலையில் விழுப்புரத்துக்கே திரும்பி வந்தது. தமிழ்ப் பத்திரிகை நடையில் இன்றும் சில வாக்கியங்கள் ஆங்கிலத்தை முதுகில் சுமந்துகொண்டு நடப்பதற்கு, அந்த ஐந்து துளைகளும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். மாவட்டத்து நிருபர்கள் மட்டும் வேறொரு வழி கண்டார்கள்: தமிழிலேயே எழுதிய காகிதத்தை உறையிலிட்டு, சென்னைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். மெதுவான வழிதான், ஆனால் எழுதியபடியே போய்ச் சேரும்.

யந்திரத்துக்காகத் தமிழ் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற குரல் எழுந்ததும் இக்காலத்தில்தான். 1886-இல் மெர்கந்தாலர் அமெரிக்காவில் நடைமுறைக்குக் கொண்டுவந்த லைனோடைப் யந்திரத்தின் விசைகள் 90; தமிழ் எழுத்துக்களோ 247. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, ஆங்கிலத் தட்டச்சு யந்திரத்தின் சட்டத்துக்குள்ளே தமிழை அடக்குவதற்கு, தட்டினாலும் நகராமல் நிற்கும் விசைகளை அமைத்து வழி கண்டார். பெரியாரோ 1935-இல் ‘குடி அரசு’ பத்திரிகையில், யானையின் துதிக்கைபோல் வளைந்த ஐகாரக் குறியையும், ணா, றா, னா வரிசைகளின் பழைய உருவங்களையும் விலக்கிவிட்டு, ஏனைய எழுத்துக்களைப் போலவே அவற்றையும் எழுதிக் காட்டினார். அச்சுக்கோப்பதிலும் தட்டச்சிலும் உண்டாகும் சௌகரியம் அவர் கூறிய காரணங்களில் முக்கியமானது. மாறவேண்டிய எழுத்துக்கள் பதின்மூன்றே. அதற்கு அரசாணை வந்தது 1978-இல். பதின்மூன்று எழுத்துக்கள் நாற்பத்துமூன்று ஆண்டுகள் வாசலில் காத்திருந்தன.

அதற்குள்ளே அச்சுக்கூடம் உருமாறத் தொடங்கிவிட்டது. ‘ஹிந்து’ 1963-இல் பிரதிகளைத் தன் சொந்த விமானங்களில் அனுப்பியது. 1969-இல் பக்கத்தின் நிழலுருவையே தொலைவிலுள்ள அச்சகத்துக்கு அனுப்பும் ஃபாக்ஸிமிலி முறையைக் கொண்டுவந்தது. 1980-இல் கணிப்பொறி வழி ஒளியச்சுக் கோப்பையும், 1986-இல் செயற்கைக்கோள் வழியையும் ஏற்றது. ஒளியச்சுக் காலத்தில் ஈயம் மறைந்து, ‘புரோமைடு’ என்னும் பளபளப்பான தாள் வந்தது; அதைக் கத்தரித்துப் பசை தடவிப் பக்கத்தில் ஒட்டும் ‘பேஸ்ட்-அப்’ கலைஞர் வந்தார். தமிழ்ப் பத்திரிகையுலகில் இந்த மாறுதலின் வாயிலில் நின்றவர்களுள் ஐராவதம் மகாதேவன் நினைக்கத் தக்கவர். சிந்து வெளி எழுத்துக்களைக் கணிப்பொறியின் துணையோடு தொகுத்து 1977-இல் பெருநூலாக்கிய அவர், 1987 முதல் 1991 வரையில் ‘தினமணி’ ஆசிரியராக இருந்தார். 1934-இல் பாரதியார் நினைவு நாளில் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு பிறந்த அந்தத் தாளுக்கு, எவரும் படிக்கவியலாத எழுத்துக்கே யந்திரத்தில் இடம் தேடியவர் ஆசிரியராக வாய்த்தது நல்லதொரு யோகம்.

பின்னர் வந்தது டி.டி.பி. காலம். பேஜ்மேக்கரும், லேசர் பிரிண்டரும், ஒரு மேஜைக் கணிப்பொறியும் இருந்தால் திண்டிவனத்திலும் ஒருவர் பத்திரிகை நடத்தலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஆயினும் அந்தக் கணிப்பொறியின் உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் குறிகளும் இருக்கும் அறைகளிலே தமிழ் உருவங்களை வைத்துவிட்டு, கணிப்பொறியை ஏமாற்றுவதே ஃபான்ட் செய்தோர் கண்ட உபாயம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஏமாற்றினார்கள். தட்டச்சு முறையைத் தழுவிய ‘பாமினி’ எழுத்துருவில் கூட்டேரிப்பட்டுக்கு 13 தட்டு. கொம்பு பழையபடியே முன்னே நிற்கும். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அதே கோப்பைத் திறந்தால் ‘கூ’ இருந்த இடத்தில் டாலர் குறி வந்து நிற்கும்; மற்ற எழுத்துக்களும் அப்படியே உருத் தெரியாமல் சிதறும். எனக்குத் தெரிந்த சிறு பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில், பத்தாண்டு இதழ்களைக் குறுந்தகடுகளில் பத்திரமாக எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது தகடு பழுதாகவில்லை, கோப்பும் அழியவில்லை. எழுத்துருவை மட்டும் எவரும் எடுத்து வைக்கவில்லை. திரை முழுவதும் டாலரும் சதவீதக் குறியும் நிரம்பியிருக்க, அவற்றைத் தட்டித் தந்த பழைய ஆபரேட்டரே அருகில் நின்று ஒரு வரியும் படிக்க இயலாமல் விழித்த காட்சியை நான் மறக்கவில்லை. ஈயத்தில் தலைகீழாக நின்ற எழுத்தை அவருடைய முன்னோர் படித்தார்கள். இதை யார் படிப்பது?

இந்த அராஜகத்துக்கு முடிவு காண 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும் அறிஞர் கூடிப் பேசினார்கள். சென்னைக் கூட்டத்தின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் அரசாங்க அங்கீகாரம் பெற்றன. இதற்கிடையே 1991-லேயே யூனிகோடு தன் பெரும் பட்டியலில் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. 247-க்கு 128 எப்படிப் போதும் என்று பலர் வெகுண்டதும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்று வாதித்ததும், அந்த வாதத்தின் பயனான முறையையும் யூனிகோட்டையும் சேர்த்தே 2010-இல் தமிழக அரசு ஏற்றதும் சமீபத்திய கதை. யூனிகோடு செய்த காரியம் ஒன்றே ஒன்று: கையின் வரிசையை விட்டு, வாயின் வரிசையைப் பிடித்துக்கொண்டது. ‘டே’ என்றால் முதலில் ‘ட’, பிறகு ஏகாரக் குறி. கொம்பை முன்னே கொண்டுபோய் நிறுத்தும் வேலையைக் கம்பாசிட்டரின் விரலிலிருந்து வாங்கி யந்திரத்தின் தலையில் வைத்தார்கள். விண்டோஸ் 2000 அந்த வேலையைக் கற்றுக்கொண்டது. பேஜ்மேக்கர் கடைசி வரையில் கற்றுக்கொள்ளவேயில்லை. ஆகவே இணையத்துக்கு யூனிகோடும், அச்சுக்குப் பழைய ஃபான்ட்டுமாக, ஒரே செய்தியை இரண்டு உருவில் வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கென்றே ‘கன்வெர்ட்டர்’ வைத்திருந்த காரியாலயங்கள் பல.

இவ்விதம் எழுத்துக்கு இடங்கொடுத்த யந்திரம் அதற்கு வாடகையும் கேட்டது. விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 எம்.பி.; விண்டோஸ் 2000 கேட்டது 64 எம்.பி.; 2009-இல் விண்டோஸ் 7 கேட்டது 1 ஜி.பி.; 2021-இல் விண்டோஸ் 11 கேட்டது 4 ஜி.பி. இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்குக்கு மேல். செய்திக்கூடத்து மென்பொருளும் அதற்கேற்பப் பெருத்தது. இன்று நிருபர் கைப்பேசியில் தட்டிய செய்தி சர்வரில் உள்ள களஞ்சியத்தில் விழுகிறது. உதவி ஆசிரியர் ஒருவர் அதைத் திறந்தால் மற்றவர் அதே நேரத்தில் திருத்த முடியாதபடி பூட்டு விழுகிறது. திருத்தத்துக்கு முந்திய பிரதி ஒன்று ஒதுங்கிக்கொள்கிறது. பக்கம் அமைந்தவுடன் பி.டி.எஃப். உருவில் பல ஊர் அச்சகங்களுக்குப் பாய்ந்து, கணிப்பொறியிலிருந்து நேரே அலுமினியத் தகட்டில் படிகிறது. கேஸும் ஸ்டிக்கும், கோத்த வரிகளை அடுக்கும் ‘கேலி’த் தட்டும், புரூஃப் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிய பையனும் ஒரே பெட்டிக்குள் புகுந்துகொண்டார்கள். அதனால்தான் அந்தப் பெட்டிக்கு அத்தனை உபசாரம். இரண்டு டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால் தீயோ வெள்ளமோ இரண்டையும் கொண்டுபோகும் என்று மூன்றாவது பிரதியை வேறோர் ஊரில் வைக்கிறார்கள். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் புதுச்சேரியையும் கடலூரையும் நாட்கணக்கில் இருளில் ஆழ்த்தியதைக் கண்டவர்கள், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதோடு அதற்கு டீசல் எவ்வழியே வரும் என்பதையும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

இத்தனையும் அமைந்த பின்னும் பட்டியல் பூர்த்தியாகிவிடுவதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, ‘ஹிந்து’வின் அச்சகம் மறைமலைநகரில் இருந்தது, கூட்டேரிப்பட்டுக்கு வரும் இதே பெருஞ்சாலையில்தான் மறைமலைநகரும் இருக்கிறது. அச்சிடும் தொழிலாளர் அங்கே போய்ச் சேர இயலவில்லை. ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் பிறந்து, இரண்டு மகாயுத்தங்களையும் கடந்து வந்த அந்தத் தாள், 1878-க்குப் பின் முதன்முறையாக மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. வேப்பேரியில் யந்திரம் இருந்தது, ஆள் இல்லை; புதுச்சேரியில் ஆள் இருந்தார், வழி இல்லை; மறைமலைநகரில் ஆளுக்கும் யந்திரத்துக்கும் நடுவே வெள்ளம் நின்றது.

நம் ஊரின் பெயர் இப்போது சர்வரில் 15 குறியீடுகளாக, 45 பைட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது ஈயத் துண்டுகளோடும் பதின்மூன்று தட்டுகளோடும் ஒப்பிட்டால் இது ஊதாரித்தனம் என்றே கம்பாசிட்டர் சொல்லியிருப்பார். ஆனால் தேடினால் கிடைக்கிறது, வேறு கணிப்பொறியில் திறந்தாலும் டாலராக மாறுவதில்லை. அதைத் தட்டியவர் ‘ரி’யை ‘றி’ என்று தட்டிவிட்டாலும் அதே 45 பைட்டுகள்தாம். யந்திரம் சலனமின்றி ஏற்றுக்கொள்ளும். விடியற்காலை தேநீர்க்கடை விளக்கின் கீழே கட்டைப் பிரிக்கும் ஏஜெண்டு, ஊர்ப் பெயர் தலைப்பில் வந்திருந்தால் ஒரு வினாடி அதில் கண்ணை ஓட்டுவார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டை அறுக்கப் போய்விடுவார்.